பச்சையாகிப்போன ஏரியில் எதை முதலில் செய்வது? மீனையும் பறவையையும் வைத்து ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டாவில் ஓர் ஊர் ஏரியின் தண்ணீர் பச்சை நிறத்துக்கு மாறிவிட்டால், கிராம சபையில் நான்கைந்து யோசனைகள் ஒரே நேரத்தில் எழும். தூர்வாரிவிடலாம் என்பார் ஒருவர். ஆகாயத்தாமரையை அள்ளினாலே போதும் என்பார் இன்னொருவர். புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் விட்டால் அவையே தின்று தீர்த்துவிடும் என்று மீன் குத்தகைக்காரர் சொல்வார். ஊர்ச் சாக்கடையை ஏரிக்குள் விடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். ஊராட்சியின் கையில் இருக்கும் பணம் இவற்றில் ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் போதும் என்பதால், எதை முதலில் செய்வது என்ற முடிவே எல்லாவற்றையும் விட முக்கியமாகிறது.

இந்த வழிகளை ஒரே ஓர் அளவுகோலால் ஒப்பிடுகிறேன்: ஏரியில் வாழும் மீன்களுக்கும், அந்த மீன்களை நம்பிவரும் பறவைகளுக்கும் ஒவ்வொரு வழியாலும் என்ன ஆகும்? ஏரி பச்சையாவது, உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வந்து நீரில் கரையும் சத்தில் பாசி பெருகுவதால்தான். அந்தச் சத்து கண்ணுக்குத் தெரியாது. மாதந்தோறும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் வசதி பெரும்பாலான ஊர்களுக்கு இல்லை. ஆனால் வலையில் எந்த மீன் விழுகிறது, கரையில் எந்தப் பறவை நிற்கிறது என்பதை ஊரில் எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகிய சரணாலயங்கள் மூன்றும் இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. முதல் இரண்டும் 2022இலும், கரைவெட்டி 2024இலும் சேர்ந்தன. அங்கே கூடு கட்டும் பறவைகள் சரணாலயத்துக்குள்ளேயே இரை முழுவதையும் தேடிக்கொள்வதில்லை. சுற்றிலும் பல கிலோமீட்டர் பறந்து, வயலிலும் வாய்க்காலிலும் பெயர் தெரியாத சின்னக் குளங்களிலும் மீன் பிடித்துத்தான் குஞ்சுகளை வளர்க்கின்றன. ஆகவே பட்டியலில் இல்லாத ஓர் ஊர் ஏரியைப் பற்றிய முடிவு அந்த ஊரோடு நின்றுவிடுவதில்லை.

எவ்வளவு சத்து அதிகம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் பரப்பும், சராசரியாக ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஏரியில் 15 கோடி லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே அந்த நீர்நிலை மிகையான சத்துள்ளது என்று நீரியலாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். 15 கோடி லிட்டருக்கு அந்த அளவு வெறும் 15 கிலோ பாஸ்பரஸ். ஐம்பது கிலோ டி.ஏ.பி. உர மூட்டையில் மணிச்சத்து (பாஸ்பரஸ் சேர்ந்த சத்து) 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைத் தூய பாஸ்பரஸாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 கிலோ வரும். அப்படியானால் ஒன்றரை மூட்டை டி.ஏ.பி. கரைந்து வந்து சேர்ந்தாலே 25 ஏக்கர் ஏரியின் நிலை மாறிவிடும். அந்த ஏரிக்கு மேலே இருக்கும் ஆயக்கட்டில் ஒரு போகத்துக்கு எத்தனை மூட்டை இறங்குகிறது என்பதை விவசாயிகளே அறிவார்கள்.

மனிதக் கழிவின் கணக்கு இன்னும் கனமானது. ஒருவர் ஆண்டுக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் சுமார் அரைக் கிலோ. ஆயிரம் பேர் உள்ள ஊரில் அது 500 கிலோ ஆகிறது. கழிவறைத் தொட்டிகளில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், பத்தில் ஒரு பங்கு கசிந்தோ, தொட்டி நிரம்பி வழிந்தோ, கழிவு லாரியிலிருந்து இரவில் வாய்க்காலில் கொட்டப்பட்டோ ஏரியை அடைந்தால் 50 கிலோ. மேலே சொன்ன அளவைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

தழைச்சத்தும் (நைட்ரஜன்) இதில் பங்கு பெறுகிறது. ஆனாலும் நீலப்பச்சைப் பாசிகளில் பல காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளக் கூடியவை என்பதால், யூரியாவை மட்டும் குறைத்து மணிச்சத்தை விட்டுவிட்டால் பாசி அடங்காது. கனடாவில் 1973இல் ஓர் ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் தழைச்சத்தும் கரிமமும் சேர்த்து, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டுமே பச்சையாக மாறியது. நம்முடைய ஆழமற்ற, வெப்பமான நீர்நிலைகளில் இரண்டு சத்துமே கவனிக்கப்பட வேண்டியவை என்றாலும், கையில் பிடித்து நிறுத்தக் கூடியது மணிச்சத்துதான்.

மீன்கள் மாறும் வரிசை

சத்து அளவோடு இருக்கும் ஏரியில் தண்ணீர் தெளிந்திருக்கும். அடியில் வேலம்பாசி என்ற நீர்ச்செடியும் மேலே அல்லி இலைகளும் இருக்கும். விரால் அந்தச் செடிகளுக்கிடையில் இடம் ஒதுக்கி முட்டையிட்டுக் குஞ்சுகளைக் கூட்டமாகக் காவல் காக்கும். கெண்டை, கெளுத்தி, அயிரை, உளுவை, ஆரால், குறவை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆழம், ஒரு மறைவிடம், ஓர் உணவு என்று பங்கு பிரிந்திருக்கும். சத்து கொஞ்சம் கூடினால் மீன் குறையாது, கூடும். புழு பூச்சியும் மிதவை உயிரிகளும் பெருகுவதால் சின்ன மீன்கள் கொழிக்கும். இந்தக் கட்டத்தில் யாரும் கவலைப்படுவதில்லை, கவலைப்படத் தேவையும் அவ்வளவாக இல்லை.

சிக்கல் அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. மிதக்கும் பாசி அடர்ந்து வெளிச்சத்தை மறைத்ததும் அடியில் இருக்கும் செடிகள் மடிகின்றன. செடி போனதும் சேற்றைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் காற்றிலேயே நீர் கலங்குகிறது. சேற்றிலிருக்கும் மணிச்சத்து மீண்டும் நீரில் கலந்து இன்னும் பாசியை வளர்க்கிறது. ஆழமற்ற ஏரிகள் இப்படித் தெளிந்த நிலையிலிருந்து கலங்கிய நிலைக்குச் சட்டென்று புரண்டுவிடும். பிறகு சத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தாலும் உடனே திரும்பி வராது. செடிகளில் முட்டையிடுபவையும் கண்ணால் பார்த்து வேட்டையாடுபவையும் முதலில் குறைகின்றன. எதையும் தின்று, எங்கும் இனப்பெருக்கம் செய்யும் ஜிலேபி மீன் முன்னுக்கு வருகிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன், கூடு தோண்டிச் சேற்றைக் கிளறுவதால் கலங்கலை மேலும் நீட்டித்துவிடுகிறது.

விடியற்காலையில் கரைக்குப் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பகலெல்லாம் பிராணவாயுவை உற்பத்தி செய்த பாசி இரவு முழுவதும் அதையே இழுத்துக்கொள்வதால், சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். கட்லாவும் ரோகுவும் வாயை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடி மிதக்கும். கல்லெறிந்தாலும் உடனே கீழே போகாது. அதே நேரத்தில் விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும், காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால், அவ்வப்போது ஒரு மடக்கு காற்றை எடுத்துக்கொண்டு கீழே போய்விடும். நண்பகலில் வேறொரு ஆபத்து வருகிறது. அடர்ந்த பாசி நீரின் காரத்தன்மையை உயர்த்துகிறது. காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருக்கும் 30 டிகிரி நீரில், மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 9 ஆனால் அது 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். சாக்கடை கலந்த ஏரியில் மார்ச், ஏப்ரல் வெயிலில் மீன் கூட்டமாகச் செத்து மிதப்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணமாகின்றன.

பறவைகள் எங்கே மாறுகின்றன

மீன் தின்னும் பறவைகளின் எண்ணிக்கை சத்து கூடும்போது முதலில் ஏறி, ஓர் அளவுக்குப் பிறகு இறங்குகிறது. இந்த ஏற்றத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்தும் முதல் செய்தி. சத்து மிகவும் குறைந்தாலும் மீன் குறையும் என்பதும் உண்மை. ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியில் 1970களின் இறுதியில் லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்த பாஸ்பரஸ், கழிவுநீர்ச் சுத்திகரிப்பால் 10 மைக்ரோகிராமுக்கும் கீழே இறங்கியது; அங்கே மீன்பிடிப்பும் குறைந்ததால், இவ்வளவு தூய்மை வேண்டுமா என்று மீனவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். டெல்டா ஏரிகள் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. வண்டல் சுமந்துவரும் காவிரி நீருக்கு இயல்பிலேயே சத்து உண்டு; இங்கே நமக்கு வேண்டியது பளிங்கு நீர் அல்ல, மீனும் செடியும் சேர்ந்து வாழும் நடுநிலை.

எந்தப் பறவை முதலில் விலகும் என்பதை அது இரை தேடும் முறை தீர்மானிக்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்ணால் குறிபார்த்துப் பாய்கிறது. ஆலாவும் குளிர்காலத்தில் வரும் விராலடிப்பானும் அப்படித்தான். ஒரு சாணுக்குக் கீழே எதுவும் தெரியாத பச்சை நீர் இவற்றுக்குப் பயன்படாது. பாம்புத்தாரா நீருக்கடியில் பதுங்கிச் சென்று கூரிய அலகால் குத்துகிறது. அதற்கும் ஓரளவு தெளிவு வேண்டும். நீர்க்காகம் கலங்கலை இவற்றைவிடச் சமாளிக்கும். சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் அலகைத் திறந்து நீரில் வைத்து, மீன் உரசியதும் மூடிப் பிடிப்பவை என்பதால் கண் தெரியாவிட்டாலும் இரை தேடும். கூழைக்கடா அலகுப் பையால் வாரி எடுக்கிறது. ஆகவே பாதி கெட்ட ஏரியில் நாரையும் கூழைக்கடாவும் நிறைய நிற்கும், மீன்கொத்தியும் பாம்புத்தாராவும் மட்டும் காணாமல் போயிருக்கும். விடியற்காலையில் திடீரென்று நூற்றுக்கணக்கான கொக்குகள் ஓர் ஏரியில் இறங்கினால், அது பெரும்பாலும் மூச்சு முட்டி மேலே வந்த மீன்களுக்கான கூட்டமே.

இன்னொன்று, மீனின் அளவு. டெல்டாவில் இந்தப் பறவைகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை குஞ்சு பொரிக்கின்றன. வக்காவோ சின்ன நீர்க்காகமோ குஞ்சுக்கு ஊட்டுவது விரல் நீள மீன்களை. ஒரு கிலோ கட்லா எத்தனை இருந்தாலும் அந்தக் குஞ்சுக்கு அது உணவாகாது.

தூர்வாருதல்

கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதாலும், கொள்ளளவு கூடும் என்பதாலும் ஊரில் பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான். சேற்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மணிச்சத்தை ஒரேயடியாக வெளியேற்றும் ஒரே வழியும் இதுவே. ஆனால் வரவு நிற்காத ஏரியில் இது சில ஆண்டுகளில் வீணாகிறது. மேலே போட்ட கணக்குப்படி ஓர் ஆண்டில் 50 கிலோ பாஸ்பரஸ் வந்துகொண்டிருந்தால், புதுச் சேறு பழைய சேற்றைப் போலவே வேலை செய்யத் தொடங்கிவிடும்.

மீனுக்கும் பறவைக்கும் இன்னும் நேரான கேடு, தூர்வாரும் விதத்தில் இருக்கிறது. பொக்லைன் இயந்திரம் ஒரே ஆழத்துக்கு, கரையோரம் செங்குத்தாக வெட்டிவிட்டால் முழங்கால் ஆழப் பகுதி இல்லாமல் போகிறது. நாரைகளும் கொக்குகளும் நிற்பது அந்த ஆழத்தில். விரால் குஞ்சு வளர்ப்பதும் அங்கேதான். தூர்வாரித்தான் ஆக வேண்டும் என்றால், ஏரியின் ஒரு பகுதியை மட்டும் ஆழப்படுத்தி, மீதியைச் சரிவாக விட்டுவிட வேண்டும். நீர் வற்றும்போது தாய்மீன்கள் ஒதுங்க அந்த ஆழக் குழி உதவும். கூடு கட்டும் கருவேல மரங்கள் நிற்கும் திட்டுகளைத் தொடவே கூடாது. எடுத்த வண்டலைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே வரும். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டலை எடுத்துச் செல்ல வழி இருக்கிறது, அதை வயலுக்குக் கொண்டுபோய் அதற்கேற்ப உரத்தைக் குறைத்தால் இரட்டைப் பலன்.

ஆகாயத்தாமரையை அள்ளுதல்

முழுவதும் மூடிய ஏரியில் மீன் மூச்சுவிட முடியாது, பறவை இறங்க முடியாது. ஆகவே அள்ள வேண்டியதுதான். ஆனால் அதைச் சத்தை வெளியேற்றும் வழியாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பச்சையாக அள்ளும் ஒரு டன் ஆகாயத்தாமரையில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். பாஸ்பரஸ் சில நூறு கிராம் தேறும். 15 கிலோவை எடுக்கப் பல பத்து டன் அள்ளி, ஏரிக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். மேலே முழுவதும் அள்ளிவிட்டுச் சாக்கடையை விட்டுவைத்தால், வெளிச்சம் கிடைத்த நீரில் அதே சத்து மிதக்கும் பாசியாக மாறுகிறது. கொஞ்சம் பரப்பை, காற்று ஒதுக்கும் மூலையில் மூங்கில் தடுப்புக்குள் விட்டு, மாதந்தோறும் அள்ளி மக்க வைப்பது முழு ஏரியையும் ஒருமுறை அள்ளுவதை விட நல்லது. வாய்க்காலை அடைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் இதோடு சேர்த்து வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் புது மீன் ஏரிக்குள் வரவே முடியாது.

கழிவுநீரை வாசலிலேயே நிறுத்துதல்

என் கணிப்பில் பணத்தின் முதல் பங்கு இங்கே போக வேண்டும். சாக்கடை ஏரியைச் சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். அந்த இடத்தில் முதலில் திடக்கழிவு படியும் ஒரு தொட்டி, அதையடுத்து ஜல்லியும் மணலும் நிரப்பிய படுகையில் கல்வாழை, சம்பு, நாணல் என்று அமைத்தால், அழுகும் பொருளின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். வெப்பமான நம் நிலத்தில் ஓர் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் படுகை போதும் என்ற கணக்கில், ஆயிரம் பேருக்குக் கால் ஏக்கரிலிருந்து அரை ஏக்கர் வரை தேவைப்படும்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். அழுகும் பொருளையும் தழைச்சத்தையும் பிடிக்கும் அளவுக்கு இந்தப் படுகைகள் மணிச்சத்தைப் பிடிப்பதில்லை. ஜல்லி சில ஆண்டுகளில் நிறைந்துவிடும். செடியை வெட்டி வெளியேற்றுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஜல்லியை மாற்றுவதும் ஊராட்சியின் ஆண்டுச் செலவில் எழுதப்படாவிட்டால், படுகை ஒரு சேற்றுக் குட்டையாக மாறும். படுகையிலிருந்து வரும் நீரை நேராக ஏரிக்கு விடாமல், தென்னந்தோப்புக்கோ தீவனப் புல்லுக்கோ திருப்ப முடிந்தால் அதுவே சிறந்தது. கழிவு லாரி கொட்டுவதைத் தடுக்கப் படுகை தேவையில்லை. கண்காணிப்பும் அபராதமும் போதும், ஒரே இரவில் கொட்டப்படும் சில லாரிகள் படுகை பல மாதம் செய்த வேலையை அழித்துவிடும் என்பதால் இதில் தயவு காட்டக் கூடாது.

பலன் எப்போது தெரியும்? அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரிக்குள் விழுந்த கழிவுநீரை 1963 முதல் 1968 வரை படிப்படியாக வேறு பக்கம் திருப்பியதும், சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி. ஆழமற்ற ஏரிகளில் சேறு தன் பழைய சேமிப்பை விட்டுக்கொண்டே இருப்பதால், ஐரோப்பிய அனுபவத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கின்றன. டெல்டாவுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. பிப்ரவரிக்குப் பிறகு நம் ஏரிகள் பல வற்றிவிடுகின்றன. காய்ந்து வெடிக்கும் சேற்றில் காற்று புகும்போது தழைச்சத்தின் ஒரு பகுதி வாயுவாக வெளியேறுகிறது, மணிச்சத்தின் ஒரு பகுதியை இரும்பு பிடித்துக்கொள்கிறது. ஜூனில் மேட்டூர் திறந்து வரும் முதல் நீர், காய்ந்த சேற்றிலிருந்து ஓரளவு மணிச்சத்தைக் கரைத்து எடுக்கும்; கலிங்கு வழியாக அந்த முதல் நீரை வடிகாலுக்கு விட வாய்ப்புள்ள ஏரிகளில் அப்படி விடுவது நல்லது. ஆண்டு முழுவதும் நீர் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற ஆசை, இந்த இலவச உதவியை நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

வயலில் குறைத்தல்

டெல்டாவில் ஒரு வயலின் வடிகால்தான் அடுத்த வயலின் பாசனம். கடைமடையில் இருக்கும் ஏரிக்கு மேல்மடை முழுவதன் மிச்சமும் வந்து சேரும். ஓர் ஊரால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. முடிந்தவை சில. மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து அதிகம் என்று எழுதியிருக்கும் வயலுக்கு அடியுர டி.ஏ.பி.யைக் குறைக்கலாம். இலை வண்ண அட்டையைப் பார்த்து யூரியா இடலாம். மேலுரம் இட்டபின் சில நாட்கள் வாய்மடையை அடைத்து நீரை வயலிலேயே நிறுத்தலாம். சம்பாவுக்கு மேலுரம் இடும் காலமும் வடகிழக்கு மழையின் உச்சமும் ஒன்றாக வருவதால், வானிலை அறிவிப்பைப் பார்த்து இரண்டு நாள் தள்ளிப்போடுவதே மிகப் பெரிய சேமிப்பு. இதற்கு ஊராட்சிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. பலன் மெதுவாக வரும், ஏரியில் தனியாக அளந்து காட்டவும் முடியாது. அதனாலேயே இதை முதல் வழியாகச் சொல்லத் தயங்குகிறேன், விட்டுவிடவும் சம்மதமில்லை.

மீன் குத்தகை

மீன் விட்டுப் பாசியைக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீனாவின் உகான் நகரிலுள்ள டோங்கு ஏரியில் வெள்ளிக்கெண்டையைப் பெருமளவில் வளர்த்த பிறகு, 1980களின் நடுவில் நீலப்பச்சைப் பாசிப் படலம் மறைந்தது உண்மை. ஆனால் நீரிலிருந்த சத்து அதனால் குறைந்துவிடவில்லை. மீன் வடிகட்ட முடியாத நுண்ணிய பாசிகள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. புல்கெண்டை இன்னும் ஆபத்தானது: தெளிவைக் காப்பாற்றும் வேலம்பாசியையே தின்றுவிட்டு, ஏரியைக் கலங்கிய நிலைக்குத் தள்ளிவிடும். சாதாக்கெண்டை சேற்றைக் கிளறும். ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது; விற்பவர் எந்தப் பெயரில் சொன்னாலும் அதை விட அனுமதிக்கக் கூடாது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது, குத்தகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது. வழக்கமான கூட்டு மீன் வளர்ப்பில், குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டுக் 'களை மீன்' எல்லாவற்றையும் கொல்கிறார்கள். களை மீன் என்று அங்கே சொல்லப்படுபவை விரால், குறவை, கெளுத்தி, உளுவை, சிறு கெண்டைகள். அதாவது கூடுகளில் இருக்கும் குஞ்சுகளின் உணவு முழுவதும். பிறகு நீரில் மிதவை உயிரி வளரச் சாணமும் கோழி எருவும் சூப்பர் பாஸ்பேட்டும் இடுகிறார்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்குப் பத்து டன் பசுஞ்சாணம் என்ற பரிந்துரையைப் பத்து ஹெக்டேர் ஏரியில் பின்பற்றினால் நூறு டன். அதில் ஆயிரத்தில் அரைப் பங்குதான் பாஸ்பரஸ் என்று குறைத்து வைத்தாலும் 50 கிலோ. ஊர்ச் சாக்கடைக்காகப் படுகை கட்டிவிட்டு, அதே அளவு சத்தைக் குத்தகை மூலம் உள்ளே கொட்ட அனுமதிப்பது பணத்தை வீணாக்குவதாகும்.

எருவோ தீவனமோ இல்லாமல் பிடிக்கப்படும் மீன் நேர்மாறான வேலை செய்கிறது. ஒரு டன் மீனைப் பிடித்து வெளியே கொண்டுபோனால் நான்கைந்து கிலோ பாஸ்பரஸ் ஏரியை விட்டு வெளியேறுகிறது. ஹெக்டேருக்கு அரை டன் விளைச்சல் என்றால் பத்து ஹெக்டேரில் ஐந்து டன் மீனும் 20 கிலோவுக்கு மேல் பாஸ்பரஸும் வெளியே போகும். ஆகாயத்தாமரையில் இதே அளவை எடுக்க நூறு டன் அள்ள வேண்டியிருக்கும். ஆகவே குத்தகையை ஒழிக்கத் தேவையில்லை, மாற்றி எழுத வேண்டும்: புண்ணாக்கு நஞ்சு கூடாது, எரு கூடாது, புல்கெண்டை கூடாது, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் குறைந்த எண்ணிக்கையில் விடலாம், ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம், நவம்பர் முதல் மார்ச் வரை வெடி போட்டுப் பறவை விரட்டக் கூடாது. ஏலத் தொகை குறையும். அந்தக் குறைவை ஊர் வெளிப்படையாகப் பேசி ஏற்றுக்கொள்ள வேண்டும். குத்தகைக்காரர் மேல் மட்டும் சுமத்தினால் இரவில் எரு இறங்கும்.

கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களைக் காட்டி, கழிவுநீரில் மீன் வளர்ப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. 12,500 ஹெக்டேர் பரப்பில், தலைமுறைகளாகப் பழகிய கைகள், கழிவுநீரைக் கட்டுப்பாடான அளவில் ஆழமற்ற குளங்களுக்குள் விட்டு, பாசியாக மாற்றி, மீனாக அறுவடை செய்யும் ஏற்பாடு அது. அங்கே கழிவுநீரின் ஒவ்வொரு மதகையும் ஒருவர் திறந்து மூடுகிறார். நம் ஊர் ஏரியில் சாக்கடை தன் இஷ்டத்துக்கு வருகிறது. இரண்டையும் ஒப்பிட முடியாது.

காற்றூட்டிகளும் நுண்ணுயிர்க் கலவைகளும்

கோயில் குளம் போன்ற சின்ன நீர்நிலையில், மீன் செத்து மிதக்கும் அவசரத்தில், சில இரவுகளுக்குக் காற்றூட்டி உதவும். பெரிய ஏரிக்கு மின்சாரச் செலவே தாங்காது. குடுவையில் விற்கப்படும் நுண்ணுயிர்க் கலவைகள் பாஸ்பரஸை எங்கும் கொண்டுபோவதில்லை. ஏரிக்குள்ளேயே வடிவம் மாற்றுகின்றன. இரண்டுக்கும் ஊராட்சிப் பணம் போகக் கூடாது.

எந்த வரிசையில்

சாக்கடை வரும் ஏரி என்றால் முதல் ஆண்டில் வாசல் படுகையும் கழிவு லாரிக் கண்காணிப்பும். அதே ஆண்டில் குத்தகைப் பத்திரத்தைத் திருத்துதல். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆகாயத்தாமரையைப் பகுதி பகுதியாக அள்ளுதலும் ஏரியை இயல்பாக வற்றவிடுதலும். மூன்று ஆண்டுக்குப் பிறகும் நீர் தெளியவில்லை என்றால் அப்போது தூர்வாருதல், அதுவும் பாதி ஏரியில். சாக்கடையே வராத, ஆனால் பல்லாண்டு இலைதழையும் வண்டலும் சேர்ந்து மேடாகிவிட்ட குளத்தில் இந்த வரிசை தலைகீழாகும். அங்கே தூர்வாருவதே முதல் வேலை. உர வடிகாலை மட்டும் நம்பியிருக்கும் கடைமடை ஏரியில், நுழைவாயில் அருகே ஒரு கால் ஏக்கரைத் தாழ்வாக விட்டுச் சம்பும் கோரையும் வளர்த்து, வண்டல் அங்கே படிந்தபின் நீர் உள்ளே போகும்படி செய்வது படுகையின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

பலனை அளக்க மூன்று வேலைகளைப் பள்ளி மாணவர்களிடமே ஒப்படைக்கலாம். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை மாதம் ஒருமுறை குறித்தல். மேட்டூர் நீர் வரும் நாட்களின் செம்மண் கலங்கலையும் கோடையின் பச்சைக் கலங்கலையும் வேறு வேறாக எழுத வேண்டும், முதலாவது இயல்பானது. குத்தகை வலையில் விழுந்த மீன்களில் ஜிலேபி எத்தனை, விரால் எத்தனை, விரல் நீள மீன்கள் எவ்வளவு என்று எடை போட்டு வைத்தல். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பையொட்டி, ஜனவரியில் ஒரு காலையில் பறவைகளை எண்ணுதல். மொத்தத் தொகையை விட, மீன்கொத்தி, பாம்புத்தாரா, ஆலா ஆகிய மூன்றும் தனித்தனியாக எத்தனை என்பதே முக்கியம். தட்டு மறையும் ஆழம் கூடுவதற்கு முன்பே வலையில் சின்னக் கெண்டைகள் திரும்பத் தொடங்கும். பாம்புத்தாரா அதற்குப் பிறகு வரும். இந்த ஏட்டை அடுத்த குத்தகை ஏலத்துக்கு முன் கிராம சபையில் வாசித்துக் காட்டினால், நிபந்தனைகளைத் தளர்த்தலாமா இறுக்கலாமா என்று ஊரே முடிவு செய்துகொள்ளும்.